தனியாக ஒரு பேஸ் கிட்டார்: மேடைக்கான பாடல்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தனியாக மேடையேற முடிவு செய்யும் பேஸ் கிட்டார் கலைஞருக்கு முதலில் கைக்கு வருவது, குழுவோடு வாசித்துப் பெயர் வாங்கிய ஏதோ ஒரு பேஸ் லைன், அதாவது பாட்டைக் கீழிருந்து தாங்கும் கீழ்ச்சுர வரிதான். தன் அறையில் வாசிக்கும்போது அது அருமையாகவே ஒலிக்கும். ஏனென்றால் டிரம்ஸும் பாடகரின் குரலும் அவர் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் காதில் விழுவது பாதி வாக்கியம். எட்டு பார் (தாள வட்டம்) வரை மரியாதைக்காகக் கேட்பார், பிறகு கைப்பேசியை எடுத்துவிடுவார்.

தனி பேஸுக்கு ஏற்ற பாடல் என்றால் என் கணக்கில் அது இடைவெளி உள்ள பாடல். மெட்டு மூச்சு வாங்கும் இடங்களில்தான் கார்ட்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின்) அடிசுரத்தையும் தாளத்தையும் உங்களால் நுழைக்க முடியும். மூச்சே விடாமல் ஓடும் மெட்டை எடுத்துக்கொண்டால், விரல் எவ்வளவு பழகியிருந்தாலும், மெட்டு அல்லது பேஸ் (கீழ்ச்சுரப் பகுதி) என்று ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டிவரும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடைவெளியைத் தேடும் வழிகளே.

படி 1: ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள்

பாடலைத் தேடும் முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்பார்களா, பேசிக்கொண்டே இருப்பார்களா? மொத்தம் எத்தனை நிமிடம்? ஒலி எந்தக் கருவி வழியாக, எந்த அறைக்குள் போகிறது?

மூன்றாவது கேள்வியைப் பலரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் பட்டியலையே புரட்டிப் போடக்கூடியது அதுதான். நான்கு தந்தி பேஸில் மிகத் தாழ்ந்தது ஈ தந்தி. அதைத் திறந்தபடி, அதாவது விரலால் அழுத்தாமல், மீட்டினால் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் அதிகம். சிறிய அறையில் இத்தகைய நீண்ட அலைகள் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பும்போது சில சுரங்கள் பூதாகரமாக எழும், சில காணாமலே போகும். அப்படிப்பட்ட அறையில், கீழ்ச்சுரங்களில் வேகமாக ஓடும் பாடல் வெறும் முழக்கமாகத்தான் கேட்கும். நீங்கள் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் பயன் இல்லை.

இன்னொன்று, ஒலியின் அளவு குறையக் குறைய நம் காது கீழ்ச்சுரங்களைத்தான் முதலில் இழக்கிறது. எனவே மெல்லிய பின்னணி இசையாக வாசிக்க அழைத்திருந்தால், மெட்டு முழுவதும் மேல் ஃபிரெட்களில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகளில்) வரும் பாடல்களையே எடுங்கள். காணொளியாகப் பதிவிடுவதற்கும் இதே விதிதான். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை வெளியிட முடிவதில்லை. அதன் மேல்சுரங்களான 82, 123 ஹெர்ட்ஸ் முதலியவை காதில் விழுந்தால் மூளை அந்த 41 ஹெர்ட்ஸைத் தானே ஊகித்துக்கொள்ளும். கைப்பேசி அவற்றையும் அரைகுறையாகத்தான் தரும்.

துணைக்கு என்ன வைத்துக்கொள்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர் பெடல் பயன்படுத்துவதாக இருந்தால், ஒரே கார்ட் சுழற்சி திரும்பத் திரும்ப வரும் பாடல்தான் வேண்டும். பல்லவிக்கு ஒரு சுழற்சி, சரணத்துக்கு வேறொன்று என்று மாறும் பாடலில் லூப்பர் உதவியைவிடத் தொல்லையையே அதிகம் தரும். முன்பே பதிவு செய்த பின்னணி இசை எனக்கு உவப்பில்லை. அதோடு வாசித்தால் நீங்கள் மறுபடியும் குழுவில் ஒருவராகிவிடுகிறீர்கள், அதுவும் உங்கள் பேச்சைக் கேட்காத குழுவில். தாள வாத்தியம் வாசிக்கும் நண்பர் ஒருவர் கிடைத்தால் அது வேறு கதை. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976இல் வெளியிட்ட தன் முதல் தனித் தொகுப்பைத் தொடங்கியதே காங்கா முழவுகளை மட்டும் துணையாகக் கொண்டு, ஒரு வேகமான ஜாஸ் மெட்டை பேஸில் வாசித்துத்தான்.

படி 2: கருவியின் எல்லையை அளந்துகொள்ளுங்கள்

நான்கு தந்தி பேஸின் வழக்கமான டியூனிங் ஈ, ஏ, டி, ஜி. ஜி தந்தியின் 12ஆம் ஃபிரெட் 196 ஹெர்ட்ஸ், 24ஆம் ஃபிரெட் 392 ஹெர்ட்ஸ். ஆனால் எல்லாக் கருவியிலும் 24 ஃபிரெட் இருக்காது. 20 அல்லது 21உடன் முடியும் பேஸ்கள் ஏராளம். உங்கள் பேஸில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், ஒரு பாடலை முக்கால்வாசி அமைத்து முடித்த பிறகு உச்ச சுரத்துக்கு ஃபிரெட் இல்லை என்று தெரியவருவது வழக்கமாக நடப்பதுதான்.

எளிமையான ஒரு கணக்கு: பெரும்பாலான பாடகிகள் வசதியாகப் பாடும் பகுதியை ஒரு ஸ்தாயி இறக்கினால், அது ஜி தந்தியின் 5ஆம் ஃபிரெட் முதல் 17ஆம் ஃபிரெட் வரையிலான பகுதியில் வந்து விழும். மெட்டுக்கு உரிய இடம் அதுவே. அங்கே பேஸின் குரல் கனமும் கனிவும் சேர்ந்து ஒலிக்கிறது. கீழே மூன்று தந்திகள் துணைக்கு மிச்சம் இருக்கின்றன.

ஐந்து அல்லது ஆறு தந்தி பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இடம் கொஞ்சம் அதிகம். அதற்காகக் கனமான பாடல்களை அள்ளிப்போட வேண்டாம். தந்தி கூடியதால் விரல் கூடிவிடவில்லை.

படி 3: எங்கே தேடுவது

பாடல்களை மூன்று ஊற்றுகளிலிருந்து சேகரிக்கலாம்.

முதலாவது, குரலுக்காகப் பிறந்த மெட்டுகள்: தாலாட்டுகள், வழிபாட்டுப் பாடல்கள், நாட்டுப்புறப் பாடல்கள், பழைய மெல்லிசைப் பாடல்கள். மனிதர் பாடுவதற்காக அமைந்தவை என்பதால் மூச்சுக்கான இடம் அவற்றில் இயல்பாகவே இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் தன் பட்டியலில் பாதியையாவது இங்கிருந்து எடுக்க வேண்டும் என்பேன்.

இரண்டாவது, செல்லோ என்ற, வில்லால் வாசிக்கும் பெரிய தந்திக் கருவிக்கான இசை. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய ஆறு தனிச் செல்லோ தொகுப்புகளை நோக்கிப் பேஸ் கலைஞர்கள் போவதற்குக் காரணம் உண்டு. ஒற்றை வரியிலேயே மெட்டும் கார்ட்டும் பேஸும் மறைந்திருக்கும் எழுத்து அது. ஆனால் ஒரு சிக்கலைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பேஸ் கிட்டாருக்கான இசைக்குறிப்புத் தாளில் உள்ள சுரம் ஒலிக்கும்போது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். செல்லோவுக்கு எழுதியது எழுதிய இடத்திலேயே ஒலிக்கும். செல்லோவின் மிகத் தாழ்ந்த சி, உண்மையான உயரத்தில், பேஸின் ஏ தந்தியில் 3ஆம் ஃபிரெட். அந்த உயரத்திலேயே வாசித்தால் ஜி மேஜரில் உள்ள முதல் தொகுப்பின் தொடக்கப் பகுதி, உச்சத்தில் ஜி தந்தியின் 24ஆம் ஃபிரெட்டைத் தொடும். தாளில் இருப்பதை பேஸ் வழக்கப்படி வாசித்தால் செல்லோவின் கடைசிச் சுரங்கள் ஈ தந்திக்கும் கீழே போய்விடும். எனவே 20 ஃபிரெட் நான்கு தந்தி பேஸ் வைத்திருப்பவர் அதை வேறு சுருதிக்கு மாற்றியே ஆக வேண்டும். மேலும் செல்லோவில் வில் இருக்கிறது, சுரத்தை இழுத்துப் பிடிக்கும். மீட்டிய தந்தியின் ஒலி தேய்ந்துகொண்டே போகும். அதனால் நீண்ட சுரங்களை நம்பி நிற்கும் மெதுவான நடனப் பகுதிகளைவிட, ஓடிக்கொண்டே இருக்கும் பகுதிகள் பேஸில் நன்றாக அமைகின்றன.

மூன்றாவது, பேஸுக்கென்றே எழுதப்பட்டவை. பாஸ்டோரியஸின் அதே 1976 தொகுப்பில் உள்ள ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’ கிட்டத்தட்ட முழுக்க ஹார்மோனிக்குகளால் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மணியொலி போன்ற சுரங்களால்) கட்டப்பட்டது. இன்னொரு பேஸ் கலைஞரான விக்டர் வூட்டன் 1996இல் வெளியிட்ட ‘எ ஷோ ஆஃப் ஹாண்ட்ஸ்’, பேஸ் ஒன்றையே கருவியாக வைத்து ஒரு முழுத் தொகுப்பைத் தாங்க முடியும் என்று காட்டியது. இவற்றைக் கற்றுக்கொள்வது நல்லது. மேடையில் வாசிப்பதற்கு ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். கேட்பவர்களில் இன்னொரு பேஸ் கலைஞர் இருந்தால், உடனே மூலத்தோடு ஒப்பிடத் தொடங்கிவிடுவார்.

படி 4: நான்கு சோதனைகள்

சேகரித்த பட்டியல் இருபதைத் தொட்டதும் கழிக்கத் தொடங்குங்கள். கருவியைத் தொடாமலே பாதியைக் கழித்துவிடலாம்.

முணுமுணுக்கும் சோதனை. சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். பாடல் இன்னும் அதே பாடலாக இருக்கிறதா? பல நல்ல பாடல்கள் இங்கேயே விழுந்துவிடும். அவற்றின் அழகு வரிகளில் இருக்கிறது. மெட்டு இரண்டு மூன்று சுரங்களைச் சுற்றியே வந்துகொண்டிருக்கும். சொல் இல்லாமல் பேஸில் அதை வாசித்தால் பழைய தந்தி அலுவலகத்துத் தட்டல் போல ஒரே சுரம் தொடர்ந்து விழும்.

அடிசுரச் சோதனை. மெட்டைப் பாடிக்கொண்டே ஒவ்வொரு கார்ட்டின் அடிசுரத்தையும் பேஸில் ஒருமுறை மட்டும் மீட்டுங்கள். வேறு எதுவும் வேண்டாம். இந்த இரண்டு குரலோடு பாடல் நிற்கிறது என்றால், மீதி எல்லாம் அலங்காரம். நிற்கவில்லை என்றால், அந்தப் பாடலை இதுவரை தாங்கி நின்றது பின்னணி இசைக்கோவை. அதை நான்கு தந்தியில் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு தாள அடிக்கும் கார்ட் மாறும் பாடல்களும் இந்தச் சோதனையில் மூச்சுத் திணறும். ஒரு பாருக்கு ஒன்று அல்லது இரண்டு மாற்றம் என்பது கைக்கு அடங்கும்.

இடைவெளிச் சோதனை. இதற்குத்தான் அதிக மதிப்பெண். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் மெட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். குறைந்தது இரண்டு அடி நின்றால், அந்த நேரத்தில் கீழே ஒரு பதில் வரி வாசிக்கலாம், தாளத்தை ஒரு தட்டு தட்டலாம், கையை அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம். நீண்ட சுரம் ஜி தந்தியில் ஒலித்துக்கொண்டிருக்கையில் திறந்த ஏ தந்தி கீழே முழங்குவது, தனி பேஸில் எவரும் ரசிக்கும் ஒலி. அந்தத் தருணம் ஒரு பாடலில் எத்தனை முறை வருகிறது என்பதே அந்தப் பாடலின் தகுதி.

வேகச் சோதனை. மூல வேகத்தில் முக்கால் பங்குக்குக் குறைத்துப் பாடிப் பாருங்கள். மெட்டையும் பேஸையும் ஒரே கையால் சுமக்கும்போது வேகம் குறையத்தான் செய்யும். மெதுவாக்கினால் சோர்ந்துபோகும் பாடல் வேண்டாம். மெதுவாக்கினால் புதிதாக ஏதோ வெளிப்படும் பாடல்கள் உண்டு. அவற்றை விடாதீர்கள்.

மெட்டின் வீச்சையும் பாருங்கள். ஒரு ஸ்தாயியும் அதற்குமேல் இரண்டு மூன்று சுரமும் போதும். இரண்டு ஸ்தாயிக்கு ஏறி இறங்கும் மெட்டு, கீழே வரும்போது பேஸின் இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும்.

படி 5: சுருதியை முடிவு செய்யுங்கள்

தனியாக வாசிப்பவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சுதந்திரம் இது. பாடகர் இல்லை, அவர் குரலுக்கு வளைய வேண்டியதில்லை. ஆனாலும் பலர் மூலப் பாடலின் சுருதியிலேயே பிடிவாதமாக நிற்கிறார்கள். ஈ ஃபிளாட்டில் உள்ள பாடலை அப்படியே வாசிக்க முயன்றால், தேவையான இடங்களில் திறந்த தந்தி கிடைக்காமல், இடது கை அடிசுரத்தை அழுத்திப் பிடித்தபடியே மேலே மெட்டுக்கும் தாவ வேண்டியிருக்கும்.

திறந்த தந்தியில் அடிசுரம் கிடைத்தால் இடது கை முழுவதும் மெட்டுக்கு விடுதலை ஆகிறது. எந்தச் சுருதி அதிகம் உதவும் என்று பார்த்தால் ஏ மேஜர் முதலிடத்தில் வருகிறது. அதில் முதல், நான்காம், ஐந்தாம் சுரங்களில் அமையும் கார்ட்களின் அடிசுரங்கள் முறையே ஏ, டி, ஈ. மூன்றும் திறந்த தந்திகள். ஜி தந்தி முழுவதும் மெட்டுக்கு. டி மேஜரிலும் மூன்று அடிசுரங்களும் திறந்த தந்திகளே, டி, ஜி, ஏ. ஆனால் அவற்றில் இரண்டு மேல்தந்திகள். ஜி கார்ட் வரும்போது மெட்டும் பேஸும் ஒரே தந்திக்குச் சண்டை போடும். ஈ தந்தியை ஒரு சுரம் இறக்கி டி ஆக்கிக்கொண்டால் கீழ் டி கிடைத்து நிலைமை கொஞ்சம் சீராகும். ஈ மேஜரில் ஐந்தாம் கார்ட்டுக்குரிய பி நான்கு தந்தி பேஸில் திறந்த நிலையில் கிடையாது. ஐந்து தந்தி வைத்திருப்பவர்கள் இங்கே வெற்றிச் சிரிப்பு சிரிக்கலாம். ஜி மேஜர் ஏமாற்றும் சுருதி. எளிதுபோலத் தோன்றும், ஆனால் கீழ் ஜி எப்போதும் ஈ தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில் விரலைக் கட்டிப்போட்டுவிடும்.

ஹார்மோனிக்குகளை நம்பி ஒரு பாடலை அமைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. நான்கு தந்திகளிலும் 12, 7, 5ஆம் ஃபிரெட்களின் மேலும், 4ஆம் ஃபிரெட்டுக்கு ஒரு மயிரிழை நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கமாகவும் தொட்டால் கிடைக்கும் சுரங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஏ மேஜரின் ஏழு சுரங்களும் டி மேஜரின் ஏழு சுரங்களும் அதிலேயே அடங்கிவிடுகின்றன. ஜி மேஜருக்கு சி கிடைக்காது, ஈ மேஜருக்கு டி ஷார்ப் கிடைக்காது. 4ஆம் ஃபிரெட் அருகே வரும் ஹார்மோனிக், ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும் அதே சுரத்தைவிடச் சுமார் 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்து ஒலிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் காது நெருடும்.

சுருதியை முடிவு செய்ததும் மெட்டின் உச்ச சுரம் எந்த ஃபிரெட்டில் விழுகிறது என்று பாருங்கள். 17ஐத் தாண்டினால் சுருதியை இறக்குவது நல்லது. மேடைப் பதற்றத்தில் கழுத்தின் கடைசிப் பகுதி வீட்டில் இருந்ததைவிடக் குறுகியதாகத் தோன்றும்.

படி 6: பல்லவியை மட்டும் அமைத்துப் பாருங்கள்

முழுப் பாடலையும் அமைக்க வாரக்கணக்கில் உழைப்பதற்கு முன், எட்டு பார் மட்டும் அமையுங்கள். அதில் மூன்று அடுக்கு இருக்க வேண்டும்: மெட்டு, அடிசுரம், இரண்டுக்கும் நடுவே கார்ட்டின் நிறத்தைச் சொல்லும் ஒரு சுரம்.

கார்ட்களை கிட்டாரில் பிடிப்பதுபோல நெருக்கமாகப் பிடிக்காதீர்கள். கழுத்தின் கீழ்ப் பகுதியில் இரண்டு சுரங்கள் அருகருகே ஒலித்தால், காதால் அவற்றைப் பிரித்து உணர முடியாது. இரண்டும் உரசிக் கரகரக்கும். விலக்கி வையுங்கள். ஈ தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில் ஜி, ஜி தந்தியின் 4ஆம் ஃபிரெட்டில் பி. இது மேஜர். மேல்விரலை 3ஆம் ஃபிரெட்டுக்கு இறக்கினால் மைனர். மேஜர் பிடியோடு டி தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில் எஃப் சேர்த்தால் ஜி செவன்த். மூன்றே விரலில், எந்தக் குழப்பமும் இல்லாமல் ஒலிக்கும் பிடி இது. கழுத்து முழுவதும் இதையே நகர்த்தலாம்.

எட்டு பாரை அமைத்தபின் கை எங்கே தவிக்கிறது என்று கவனியுங்கள். தவிப்பு ஒரே ஓர் இடத்தில் என்றால் அங்கே பேஸை விட்டுவிடுங்கள், யாரும் கவனிக்கமாட்டார்கள். நான்கைந்து இடங்களில் என்றால் பாடலையே விட்டுவிடுங்கள். அது மோசமான பாடல் என்று பொருள் இல்லை, இந்தக் கருவியில் இப்போதைக்கு அமையவில்லை, அவ்வளவுதான்.

ஸ்லாப் (கட்டைவிரலால் தந்தியை அறைவது), டாப்பிங் (கழுத்தின் மேல் விரலால் தட்டுவது) போன்ற உத்திகள் இந்தக் கட்டத்தில்தான் பாட்டுக்குள் நுழையலாம். உத்தியை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குப் பாடல் தேடுபவர்களின் நிகழ்ச்சி, விளையாட்டுப் பயிற்சிபோல முடிந்துவிடுகிறது.

படி 7: பதிவு செய்து கேளுங்கள்

மேடையில் பயன்படுத்தப்போகும் ஆம்ப்ளிஃபயரிலேயே வாசித்துப் பதிவு செய்யுங்கள். சில பேஸ் ஒலிபெருக்கிப் பெட்டிகளில் உயர் அதிர்வெண்ணுக்கான ட்வீட்டர் இருக்காது. அவற்றில் ஹார்மோனிக்குகள் மங்கிவிடும். அப்படி என்றால் ஹார்மோனிக் பாடலை அன்றைய பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பதிவை மறுநாள், கருவியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். மெட்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தால், அமைப்பில் சுரங்கள் அதிகம்.

படி 8: வரிசை

முதல் நிகழ்ச்சிக்கு ஐந்து அல்லது ஆறு பாடல், 25 நிமிடத்துக்குள் போதும். தாழ்ந்த குரலை நீண்ட நேரம் கேட்பது காதுக்குச் சோர்வு. ஒவ்வொரு பாடலும் நான்கு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது என் சொந்த விதி.

தொடக்கத்தில் நடுத்தர வேகத்தில், தூக்கத்திலும் வாசிக்கக்கூடிய ஒன்றை வையுங்கள். விரல் குளிர்ந்திருக்கும், அறையின் ஒலி எப்படி என்று இன்னும் தெரியாது. கூட்டத்துக்குப் பழக்கமான மெட்டு ஒன்று இரண்டாவதாக வந்தால், பேஸ் தனியாகப் பாடக்கூடியது என்று அவர்கள் நம்பத் தொடங்குவார்கள். அறியாத பாடல்களும் சொந்தப் படைப்பும் அதன் பிறகு. ஏ மேஜர் வசதி என்பதற்காக எல்லாவற்றையும் அதிலேயே அமைத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். மூன்றாவது பாடலிலேயே எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும். ஈ மைனர், டி மேஜர் என்று மாற்றி வையுங்கள். தந்தியை இறக்க வேண்டிய பாடல்களை அடுத்தடுத்து வையுங்கள். தந்தி முறுக்கும் ஒலியைக் கேட்க யாரும் வரவில்லை. லூப்பர் பாடல் ஒன்று போதும். கட்டி எழுப்பும் முதல் ஒரு நிமிடம் கேட்பவரின் பொறுமையைக் கடன் வாங்குகிறது. ஒரே மாலையில் இருமுறை அந்தக் கடன் கிடைக்காது.

படி 9: உரிமை

பிறர் பாடலை மேடையில் வாசிப்பதற்கான உரிமத்தை வழக்கமாக அரங்கத்தினர் வைத்திருப்பார்கள். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவு செய்து வெளியிடுவதற்கு வேறு அனுமதி தேவைப்படும். பாக் போன்ற பழைய இசையமைப்பாளர்களின் படைப்பு பொதுவுடைமை. ஆனால் இன்று ஒருவர் அதை பேஸுக்காக அமைத்து அச்சிட்டிருந்தால், அந்த அமைப்பு அவருடையது.

பட்டியல் முடிந்த பிறகு, இரண்டு நிமிடத்துக்குள் முடியும் பாடல் ஒன்றைத் தனியாகத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று என்று கூட்டம் கேட்டால் அது உதவும். லூப்பர் இயங்க மறுத்தாலும் உதவும். பெடல் எதுவும் தேவைப்படாத, வழக்கமான டியூனிங்கிலேயே வாசிக்கக்கூடிய மெட்டாக அது இருக்கட்டும்.